நல்லெண்ணம் மட்டும் போதாது

2018 மே மாதம். குலதெய்வம் கும்பிடச் சென்னையிலிருந்து புறப்பட்ட ஒரு குடும்பம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே வழி கேட்க வண்டியை நிறுத்தியது. உடன் வந்த 65 வயது அம்மா, அங்கே விளையாடிய குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் வந்துவிட்டார்கள் என்று ஊர் திரண்டது. அந்த அம்மாவை அடித்தே கொன்றார்கள். வாட்ஸ்அப்பில் அப்போது சுற்றிக்கொண்டிருந்த வதந்தி செய்த வேலை அது.

அந்த வதந்தியை அனுப்பியவர்களில் பெரும்பாலோர் கெட்டவர்கள் அல்லர். நாலு குழந்தைகளைக் காப்பாற்றுகிறோம் என்று நம்பித்தான் அனுப்பியிருப்பார்கள். ஆகவே, "பொய் பரப்பாதே" என்று மாணவர்களுக்கு நீதி சொல்லிப் பயனில்லை. பொய்யைக் கண்டுபிடிக்கும் வித்தையைக் கற்றுத்தர வேண்டும்.

அதே ஆண்டு கேரளத்தின் கண்ணூரில் அதைத்தான் செய்தார்கள். தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி பற்றிய புரளியால் பெற்றோர் பிள்ளைகளுக்கு ஊசி போட மறுத்த மாவட்டம் அது. ஆட்சியராக இருந்த மீர் முகமது அலி, 'சத்யமேவ ஜெயதே' என்ற பெயரில் 150 அரசுப் பள்ளிகளில் வகுப்புகளைத் தொடங்கினார். இப்போது கேரளத்தின் ஐந்தாம், ஏழாம் வகுப்புப் பாடநூல்களிலேயே பொய்ச் செய்தியைக் கண்டறிவது பாடமாகிவிட்டது.

வகுப்பில் செய்துகாட்ட நிறைய இருக்கிறது. வாட்ஸ்அப் செய்தியின் மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால், அது குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது. அனுப்பிய மாமாவுக்கே மூலம் தெரியாது. 'நேற்று நடந்தது' என்று வரும் படத்தை கூகுள் லென்ஸில் போட்டுப் பார்க்கச் சொல்லலாம். அதே படம் சில ஆண்டுகளுக்கு முன்பே வேறு ஏதோ ஊர்ச் செய்தியில் வந்திருப்பதை மாணவர்கள் தாங்களே கண்டுபிடித்துவிட்டால், அதன்பின் உபதேசமே தேவையில்லை.

பொய்ச் செய்தி மட்டுமல்ல, இணையப் பாதுகாப்பு விஷயத்தில் பெரியவர்களுக்கும் பாடம் உண்டு. முகம் தெரியாதவன் தங்கள் படத்தைக் காட்டி மிரட்டினாலும், பல பிள்ளைகள் வீட்டில் வாய் திறப்பதில்லை. சொன்னால் திட்டு விழும், போனையும் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம். "எது நடந்தாலும் சொல், உன்னைக் குறை சொல்ல மாட்டோம்" என்ற வாக்குறுதியைப் பெற்றோர் கூட்டத்திலேயே வாங்கிவிட வேண்டும். சைபர் குற்றத்துக்கு 1930, குழந்தைகளுக்கு 1098 என்ற எண்கள் ஒவ்வொரு வகுப்புச் சுவரிலும் இருக்கட்டும்.

கணினி ஆசிரியர் இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். தமிழாசிரியரே நடத்தலாம். ஒரு போனும் வாரம் ஒரு பாடவேளையும் இருந்தால், இந்தப் பருவத்திலேயே தொடங்கிவிடலாம்.