பூச்சு வேலைக் கருவிகளை அறிவோம்

திருப்பாச்சூர் போன்ற சிற்றூர்களில் வீடுகளும் பள்ளிக் கட்டடங்களும் எழும்பி வருகின்றன. பூச்சு வேலை செவ்வனே நடந்ததா என்று கண்டறிய, கொத்தனாரின் கருவிகளை நாமும் அறிந்திருத்தல் நலம்.

கரண்டி, கலவையை எடுத்து நனைந்த சுவரில் அறைந்து பூச உதவும். தூக்குக்குண்டு சுவரின் செங்குத்தைக் காட்டும். மட்டப்பலகை மேடு பள்ளங்களை நிரவும். மணியாசுக் கட்டை பூச்சைத் தேய்த்து இறுக்கும். மூலைமட்டம் மூலைகளைச் சரிபார்க்கும்.

இவற்றுள் சில நமக்குச் சோதனைக் கருவிகளுமாகும். மட்டப்பலகையைச் சுவரில் சார்த்தினால், இடைவெளி குறையைக் காட்டிவிடும். செங்கல் உட்சுவருக்கு 12 மில்லிமீட்டர் கனம் போதும். சுவரின் கோணலைப் பூச்சால் மறைத்தால் சிமெண்டு வீணாகும். காய்ந்த பூச்சைத் தட்டுங்கால் பொள்ளலாக ஒலிக்கும் இடம் சுவரைப் பற்றவில்லை. அதைக் கொத்தி மீண்டும் பூசச் செய்தல் வேண்டும். குறைந்தது 7 நாள் நீர் தெளித்தலும் இன்றியமையாதது.

பணம் கொடுக்குமுன் இவற்றைப் பார்ப்போமாக!