விலங்குக் கொழுப்பில் பறக்கும் விமானம்: உண்மையிலேயே பசுமையானதா?

சிங்கப்பூரின் துவாஸ் வட்டாரத்தில் நெஸ்டே நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. அங்கு மூலப்பொருள் கச்சா எண்ணெய் அல்ல. பயன்படுத்திய சமையல் எண்ணெய், இறைச்சிக் கூடங்களில் மிஞ்சும் விலங்குக் கொழுப்பு போன்றவைதான்.

2023இல் விரிவாக்கப்பட்ட அந்த ஆலையால் ஆண்டுக்கு 1 மில்லியன் டன் வரை பசுமை விமான எரிபொருளைத் தயாரிக்க முடியும்.

கழிவில் பறப்பது நல்ல விஷயம்தானே? பெரும்பாலும் ஆம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு.

கொழுப்பு எப்படி எரிபொருளாகிறது?

மட்டன் குழம்பைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மேலே வெள்ளையாகக் கொழுப்பு உறையும். விமான எரிபொருள் அப்படி உறையக் கூடாது. 'ஜெட் ஏ-1' எரிபொருள் மைனஸ் 47 டிகிரி செல்சியஸ் வரை திரவமாகவே இருக்க வேண்டும்.

- முதலில் கொழுப்பு சுத்தப்படுத்தப்படும்.

- அதிக வெப்பம், அழுத்தத்தில் ஹைட்ரஜன் சேர்க்கப்படும். கொழுப்பிலுள்ள ஆக்சிஜன் பிரிந்துவிடும்.

- குளிரில் உறையாதபடி மூலக்கூறுகளின் வடிவம் மாற்றப்படும்.

கடைசியில் கிடைப்பது வழக்கமான எரிபொருளைப் போன்ற ஹைட்ரோகார்பன். அதை வழக்கமான எரிபொருளுடன் 50 விழுக்காடு வரை கலக்கலாம். விமான இயந்திரத்தை மாற்றத் தேவையில்லை.

பலன் என்ன?

கச்சா எண்ணெயை எரித்தால், பூமிக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்த கரிமம் காற்றில் கலக்கும். கொழுப்பிலுள்ள கரிமமோ அண்மையில் புல்லும் தீவனமும் காற்றிலிருந்து எடுத்தது. தயாரிப்பு முதல் பயன்பாடு வரை கணக்கிட்டால், கரிம வெளியேற்றம் 80 விழுக்காடு வரை குறையும் என்று துறையினர் சொல்கின்றனர்.

அப்போ பிரச்சினை எங்கே?

'கழிவு' என்ற சொல்லில்தான்.

கொழுப்பைக் கழிவு என்று வகைப்படுத்தினால், மாடு வெளியிடும் மீத்தேன் வாயு கணக்கில் சேராது. கொழுப்பைச் சேகரிக்கும் இடத்திலிருந்துதான் கணக்கு தொடங்கும். கொழுப்புக்காக யாரும் மாடு வளர்ப்பதில்லை என்பதால் அதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் எல்லாக் கொழுப்பும் வீணாவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் விலங்குக் கழிவுகளை 3 வகையாகப் பிரிக்கிறது. நோய் அபாயமுள்ள முதல் வகையை உணவிலோ தீவனத்திலோ சேர்க்க முடியாது. அதை எரிபொருளாக்குவது சரியான வழி.

மூன்றாம் வகை அப்படியல்ல. சவர்க்காரம், செல்லப்பிராணி உணவு, தீவனம் ஆகியவற்றுக்கு அது ஏற்கெனவே தேவைப்படுகிறது. எரிபொருள் நிறுவனங்கள் கூடுதல் விலை கொடுத்து அதை வாங்கிக்கொண்டால் சவர்க்காரம் செய்பவர் என்ன செய்வார்? செம்பனை எண்ணெய்க்கு மாறலாம்.

உலகின் செம்பனை எண்ணெயில் 80 விழுக்காட்டுக்கும் மேல் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் உற்பத்தியாகிறது. கூடுதல் தேவைக்காகக் காடுகள் அழிந்தால், வானத்தில் மிச்சப்படுத்திய கரிமம் தரையில் வெளியேறிவிடும்.

போதுமான கொழுப்பு இருக்கிறதா?

இல்லை. பாரிஸிலிருந்து நியூயார்க்கிற்கு முழுக்க முழுக்க விலங்குக் கொழுப்பில் பறக்க 8,800 பன்றிகள் வரை தேவைப்படும் என்று 'டிரான்ஸ்போர்ட் அண்ட் என்வைரன்மென்ட்' அமைப்பு 2023இல் கணக்கிட்டது. விமானங்கள் பெருகுகின்றன என்பதற்காகக் கழிவு பெருகாது.

2024இல் உலகின் மொத்த விமான எரிபொருள் உற்பத்தியில் பசுமை எரிபொருளின் பங்கு சுமார் 0.3 விழுக்காடுதான்.

நமக்கு என்ன?

சிங்கப்பூரிலிருந்து புறப்படும் விமானங்கள் 2026 முதல் 1 விழுக்காடு பசுமை எரிபொருளைப் பயன்படுத்த வேண்டும் என்ற இலக்கு 2024இல் அறிவிக்கப்பட்டது. 2030க்குள் அதை 3 முதல் 5 விழுக்காட்டுக்கு உயர்த்துவது நோக்கம். செலவை ஈடுகட்டப் பயணிகளிடம் கட்டணம் வசூலிப்பதும் திட்டத்தில் அடங்கும்.

காசு நம்முடையது. அதனால் 'பசுமை' என்ற சொல்லைப் பார்த்ததும் இரண்டு கேள்விகள் கேட்கலாம்: இது எதிலிருந்து வந்தது? எரிபொருளாகாவிட்டால் அது எங்கே போயிருக்கும்?

இரண்டாவது கேள்விக்குக் "குப்பைக்கு" என்று பதில் வந்தால், அந்த எரிபொருள் நம்பிக்கை தருகிறது. "வேறொரு தொழிற்சாலைக்கு" என்றால், அந்தத் தொழிற்சாலை இப்போது எதைப் பயன்படுத்துகிறது என்பதையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.