உஷார்! காதுக்குச் சரி, கடிதத்தில் தப்பு

"இடது கண்ணில் நேற்று ராத்திரியிலிருந்து வலி" என்று கைபேசியிடம் சொன்னேன். எழுதியதைத் திரும்ப வாசிக்க வைத்துக் கேட்டேன். நான் சொன்னது போலவே இருந்தது. கண் மருத்துவமனைக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டேன். அங்கிருந்து பதில் வந்தது: "கண்ணில் என்ன வழிகிறது? தண்ணீரா, சீழா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சாயங்காலம் மகள் வந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது, திரையில் இருந்தது 'வழி'. எனக்குக் கண் நீர் அழுத்த நோய். இந்த நோய்க்காரருக்குத் திடீரென்று கடுமையாகக் கண் வலித்தால் அழுத்தம் எகிறியிருக்கலாம்; சில மணி நேரத்திலேயே பார்வைக்கு ஆபத்து. நல்லவேளை, அன்று அப்படி இல்லை. ஆனாலும் ஓர் எழுத்து மாறியதில் அரை நாள் போய்விட்டது.

குறைபார்வையோடு குரலால் எழுதுகிறவர்களே, தயவுசெய்து இதைக் கவனியுங்கள். 'திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டேன், சரியாகத்தான் இருக்கிறது' என்ற நம்பிக்கைதான் நம்மைக் கவிழ்க்கிறது. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள், அக்கம்பக்கச் சொற்களைப் பார்த்து எது வர வாய்ப்பு அதிகமோ அதைப் போடுகிறது. அது போடுவது பெரும்பாலும் அகராதியில் உள்ள சொல்தான். அதனால் எழுத்துப்பிழை திருத்தி சிவப்புக் கோடு போடாது. வாசிக்கும் குரலோ, நாம் பழக்கத்தில் வைத்திருக்கும் வேகத்தில் ல, ள, ழ மூன்றையும் கிட்டத்தட்ட ஒன்றாக்கிவிடுகிறது. ர, ற கதையும், ண, ன கதையும் அதுதான். ன, ந இரண்டுக்கும் இன்றைய பேச்சில் ஒலி வேறுபாடே இல்லை. 'அரை மாத்திரை' 'அறை மாத்திரை' ஆனாலும், 'மணம் முடிந்தது' 'மனம் முடிந்தது' ஆனாலும் காது கண்டுபிடிக்காது. வழக்கமான அளவு எழுத்தில் கண்ணாலும் முடியாது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபார்வையை 6/18 என்ற அளவிலிருந்து கணக்கிடுகிறது. அதாவது, மற்றவர் 18 மீட்டரிலிருந்து பார்ப்பதை நாம் 6 மீட்டருக்கு வந்தால்தான் பார்க்க முடியும். திரையில் ஏதோ எழுதியிருப்பது தெரியும். ள-வின் சுழி தெரியாது.

பெயர்களில்தான் பெரிய அடி. வள்ளி, வல்லி ஆகிவிடுவாள். ஆதாரில் ஒன்று, விண்ணப்பத்தில் இன்னொன்று என்றால் ஓய்வூதியத்துக்கு எத்தனை முறை நடக்க வேண்டியிருக்கும் என்று நடந்தவர்களுக்குத் தெரியும். தொகைகளும் அப்படியே. பேச்சுவழக்கில் வேகமாகச் சொன்ன 'அம்பதாயிரம்' எப்படி விழுந்திருக்கிறது என்று பூஜ்யங்களை எண்ணிப் பார்க்காமல் அனுப்பாதீர்கள். ரகசிய எண்ணையும் ஓ.டி.பி.யையும் வாயால் சொல்லவே வேண்டாம். பக்கத்து இருக்கைக்காரருக்கும் காது இருக்கிறது.

இன்னொன்று, கொஞ்சம் நிறுத்தி யோசித்தால் மைக் தானாக அணைந்துவிடும். அணைந்தது நமக்குத் தெரியாது. ஒரு முழுப் பத்தியைக் காற்றிடம் சொல்லியிருக்கிறேன்.

நான் இப்போது செய்வது இதுதான். வாட்ஸப்பில் நேராகப் பேசுவதில்லை. கை தவறி அனுப்பும் பொத்தானில் பட்டால் போச்சு. முதலில் குறிப்புச் செயலியில் சொல்கிறேன், இரண்டு மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்திக் கேட்கிறேன். காதில் ஹெட்போன், இல்லாவிட்டால் வாசிக்கும் குரலையே மைக் மறுபடி எழுதித் தொலைக்கும். பெயர், மருந்து, தொகை, தேதி வந்தால் எழுத்து எழுத்தாக வாசிக்க வைக்கிறேன். ஆண்ட்ராய்டு கைபேசியில் திரையை வாசிக்கும் டாக்பேக்கில் வாசிப்புக் கட்டுப்பாட்டை 'எழுத்துகள்' என்று மாற்றினால் போதும், ஐபோனில் அதற்கு ரோட்டர் என்ற அமைப்பு. தனித்தனியாக ஒலிக்கும்போது ழ ஓரளவு காட்டிக்கொடுத்துவிடும். ன, ந அப்போதும் ஏமாற்றும். அங்கேதான் மிச்சமிருக்கும் பார்வை வேண்டும். கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து, ஒரு சொல் திரை முழுக்க நிறையும் அளவுக்கு. கடிதம் முழுவதையும் படித்துக் கண்ணைக் களைப்பாக்காதீர்கள். ல, ள, ழ, ர, ற, ன, ண, ந. இந்த எட்டு எழுத்து வரும் முக்கியமான சொற்களை மட்டும் பாருங்கள்.

இந்த வாரம் குரலால் எழுதி மருத்துவருக்கோ வங்கிக்கோ ஏதாவது அனுப்பியிருந்தால், இப்போதே திறந்து, உங்கள் பெயரிலிருந்து ஆரம்பியுங்கள்.