வாக்கு எங்கே பிறக்கிறது?

தேர்தல் நாளன்று வாக்குச் சாவடியின் மறைவிடத்துக்குள் நீங்கள் தனியாகத்தான் செல்கிறீர்கள். உங்கள் கையைப் பிடித்து வழிநடத்த அங்கு எவரும் இல்லை. ஆகவே, வாக்கு முழுக்க முழுக்க உங்கள் சொந்த முடிவு என்றே எண்ணுகிறீர்கள். ஆனால், அந்த முடிவு எப்போது உருவாயிற்று? மேடைப் பேச்சைக் கேட்டபோதா? செய்தித்தாளைப் படித்தபோதா? அல்லது அவற்றுக்கெல்லாம் வெகு காலம் முன்பேயா? இதற்கு விடை காண 1940ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது.

அந்நாட்டின் ஓஹியோ மாநிலத்தில், ஈரி ஏரியின் கரையில் சாண்டஸ்கி என்னும் சிறு நகரம் உள்ளது. அன்று அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 25,000. அது தலைமை ஊராக விளங்கும் ஈரி மாவட்டம் முழுவதிலும் சுமார் 43,000 பேர் வாழ்ந்தனர். நகரில் தொழிலாளர்கள், சுற்றுப்புறங்களில் உழவர்கள். முந்தைய நாற்பது ஆண்டுகளாக இம்மாவட்டத்தின் வாக்குப்போக்கு, நாடு முழுவதன் வாக்குப்போக்கிலிருந்து அதிகம் விலகியதில்லை. ஆகவே கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் லாசர்ஸ்ஃபெல்டு இதனைத் தேர்ந்தெடுத்தார். வியன்னாவில் பிறந்த இவர் கணிதம் பயின்றவர். பெர்னார்டு பெரல்சன், ஹேசல் காடெட் ஆகியோர் அவருடன் பணியாற்றினர். அவ்வாண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட்டும் குடியரசுக் கட்சியின் வில்கீயும் போட்டியிட்டனர்.

ஒரே மனிதர், பல பேட்டிகள்

மே மாதத்தில் நான்கு வீடுகளுக்கு ஒரு வீடாகச் சென்று, சுமார் 3,000 பேரைக் கண்டனர். அவர்களுள் 600 பேரைப் பொறுக்கி, தேர்தல் நடைபெறும் நவம்பர் வரை மாதந்தோறும் பேட்டி கண்டனர். ஒவ்வொரு முறையும் புதியவர்களைக் கேட்டால் போதாதா? போதாது. முதல் மாதத்தில் இரு கட்சிகளுக்கும் நூறு நூறு பேர் ஆதரவு. அடுத்த மாதமும் அப்படியே என்று வைத்துக்கொள்வோம். எவரும் மனம் மாறவில்லை என்றே நாம் கருதுவோம். உண்மையில் இருபது பேர் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கமும், இருபது பேர் அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கமும் மாறியிருக்கலாம்! ஒரே மனிதரை மீண்டும் மீண்டும் கேட்டாலன்றி இது வெளிப்படாது.

இங்கே ஓர் ஐயம் எழும். திரும்பத் திரும்பக் கேட்பதே மனத்தை மாற்றிவிடாதா? இதைச் சோதிக்க, 600 பேர் கொண்ட வேறு மூன்று குழுக்களையும் அமைத்தனர். இவர்களை வெவ்வேறு மாதங்களில் ஒருமுறை மட்டுமே மீண்டும் பேட்டி கண்டு, விடைகளை ஒப்பிட்டுப் பார்த்தனர். குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

விதையும் மழையும்

வானொலியும் செய்தித்தாளும் வாக்காளரை எவ்வளவு மாற்றுகின்றன என்று அளப்பதே ஆய்வாளர்களின் நோக்கம். கண்டதோ வேறு. ஏறத்தாழப் பாதிப்பேர் மே மாதத்திலேயே முடிவு செய்துவிட்டனர். கடைசி வரை மாறவும் இல்லை. பிரசாரத்தின் விளைவாக, நூற்றுக்கு 53 பேரிடம் பழைய கருத்தே வலுப்பட்டது. முடிவு செய்யாதிருந்த 14 பேரிடம் உள்ளே உறங்கிய சாய்வு விழித்துக்கொண்டது. ஒரு கட்சியிலிருந்து மறு கட்சிக்கு முற்றிலும் மாறியவர்கள் 8 பேரே. மழை பெய்தால் விதை முளைக்கும். எந்த விதை முளைக்கும் என்பதை மழை தீர்மானிப்பதில்லை. பிரசாரமும் அத்தகையதே.

விதை எது? பொருளாதார நிலை, சமயம், வாழுமிடம் ஆகிய மூன்றையும் கொண்டே ஒருவரது சாய்வைப் பெரும்பாலும் கணிக்க முடிந்தது. வசதியுள்ள புராட்டஸ்டண்டு உழவர்கள் பெரும்பாலும் குடியரசுக் கட்சியின் பக்கம். நகரத்துக் கத்தோலிக்கத் தொழிலாளர்கள் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சியின் பக்கம். குடும்பமும் ஒன்றாகவே வாக்களித்தது. 22 தம்பதியருள் ஒரு தம்பதியரே கருத்து வேறுபட்டனர்.

வசதி ஒருபுறமும் சமயம் மறுபுறமும் இழுத்தால் என்ன ஆகும்? அத்தகையோர் முடிவைத் தள்ளிப்போட்டனர். பலருக்குத் தேர்தலில் ஆர்வமே குன்றியது. கட்சி மாறியவர்களும் பொதுவாக ஆர்வம் குறைந்தவர்களே. இரு தரப்பையும் கேட்டு, சீர்தூக்கிப் பார்த்து வாக்களிக்கும் குடிமகனைப் பாடநூலில் படிக்கிறோம். சாண்டஸ்கியில் அவரைக் காண்பது அரிதாயிருந்தது!

பேச்சின் வலிமை

மேடைப் பேச்சைக் கேட்டவர்களை விட, அண்டை அயலாருடன் அரசியல் பேசியவர்களே அதிகம் என்பதும் தெரியவந்தது. ஐந்தில் ஒருவர் செய்திகளை உன்னிப்பாகக் கவனித்து, பிறருக்கு எடுத்துச் சொல்பவராக இருந்தார். இவர்கள் செல்வர்கள் மட்டுமல்லர். எல்லாத் தொழில்களிலும் இருந்தனர். வானொலியின் கருத்து முதலில் இவர்களை அடைகிறது. பிறகு இவர்கள் வாயிலாக மற்றவர்களை அடைகிறது. ஆய்வாளர்கள் இதனை ‘இருபடி ஓட்டம்’ என்றனர். 1948இல் நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா நகரில் நடந்த ஆய்வும் குடும்பத்தினர், நண்பர்களின் செல்வாக்கை உறுதிப்படுத்தியது.

அப்படியானால் மனிதன் தன் சூழ்நிலையின் கைதியா? அல்லன். இது புவியீர்ப்பு விதியைப் போல மாறாத ஒன்றன்று. அதே ஈரி மாவட்டம் 2012இல் ஜனநாயகக் கட்சியின் ஒபாமாவையும், 2016இல் குடியரசுக் கட்சியின் டிரம்ப்பையும் பெரும்பான்மையாக ஆதரித்தது. சாய்வுகள் மாறக்கூடியவையே. ஆனால், தன் சாய்வு எங்கிருந்து வந்தது என்று அறியாதவர் அதனைத் தம் சொந்தச் சிந்தனை என்றே நம்பிக்கொண்டிருப்பார்.

அடுத்த தேர்தலுக்கு முன் நீங்களே ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். இன்று உங்கள் முடிவு என்ன என்று ஒரு தாளில் எழுதி, தேதியிட்டு வையுங்கள். அம்முடிவை முதலில் யார் வாயிலாகக் கேட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். பிறகு எதிர்த்தரப்பின் வாதத்தையும் முழுமையாகப் படியுங்கள். தேர்தல் நாளில் அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். முடிவு மாறாமலே இருக்கலாம். ஆனால், அது இப்போது உங்களுடையது.