வெயிலுக்கு முந்தும் பூஞ்சை

வெயில் ஏற ஏற மண்ணின் ஈரம் வற்றும் நறுவிலிக்குளம் போன்ற மன்னார் ஊர்களில், நீரிழப்பைத் தாங்கப் பூஞ்சை எப்படி ஆயத்தமாகிறது என்பதற்கு, எரிந்த கரும்புத் தட்டைகளில் செம்மஞ்சள் தூளாய்ப் படரும் நியூரோஸ்போராவே விடை தந்தது. ஒளியுணரும் புரதக் கூட்டு ஒன்று ‘எஃப்ஆர்க்யூ’ என்ற உயிர்க்கடிகார மரபணுவை முடுக்க, அதில் உருவாகும் புரதம் அக்கூட்டையே அடக்கிப் பின் சிதைவதால், இருளிலும் ஏறத்தாழ 22 மணி நேரத்துக்கு ஒரு சுற்று முடிந்து, கண்ணாடிக் குழாயில் வித்துகள் பட்டை பட்டையாகத் தோன்றுகின்றன. அக்கூட்டே, உப்பு, வறட்சி முதலிய நெருக்கடிகளை மரபணுக்களுக்கு அறிவிக்கும் சமிக்ஞைத் தொடரின் ‘ஓஎஸ்-4’ மரபணுவையும் இயக்குகிறது. ஆகவே உப்பு மிகாத ஊடகத்திலும் அத்தொடரின் ‘ஓஎஸ்-2’ நொதி விடியலையொட்டி முடுக்கம் பெறுகிறது, நுட்பமான முன்னேற்பாடுதான். எனினும், கடிகார மரபணு அற்ற திரிபிலும் உப்புப் பட்டால் அந்நொதி செயற்படுகிறது.