காவிரியின் கூன்முதுகு மஹசீர்

1946-இல் கபினி ஆற்றில் தூண்டிலில் சிக்கிய ஒரு மீனின் எடை 120 பவுண்டு; ஏறத்தாழ 54 கிலோ. பிடித்தவர், மைசூரில் வேட்டை விலங்குகளைப் பாடம்செய்து பேர்பெற்ற வான் இங்கன் குடும்பத்துக்காரர். மீன், கூன்முதுகு மஹசீர். தலைக்குப் பின்னால் எழும்பி நிற்கும் திமிலும் செம்மஞ்சள் துடுப்புகளும் அதன் அடையாளம். காவிரியையும் அதன் துணையாறுகளையும் விட்டால் உலகில் வேறெங்கும் இது கிடையாது.

கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த இந்த மீனின் தாடையில் ஒரு பல்கூட இருக்காது. பற்கள் இருப்பது தொண்டைக்குள், மூன்று வரிசையாக. பாறையிடுக்கில் இரண்டு ஜோடி மீசையால் துழாவி, தடித்த உதட்டால் உறிஞ்சியெடுக்கும் நத்தையையும் நண்டையும் அந்தப் பற்கள் ஓட்டோடு நொறுக்கிவிடும். கரைமரத்திலிருந்து உதிரும் பழத்தையும் விடாது. ஆகவேதான் தூண்டில்காரர்களின் கேழ்வரகுக் களி உருண்டையும் அதற்கு ருசிக்கிறது.

மஹசீர்கள் கோடையில் ஆழமான மடுக்களில் ஒதுங்கும். மழைக்காலத்தில் வெள்ளத்தை எதிர்த்து மேலேறி, பிராணவாயு மிகுந்த ஓட்டத்தில், சரளைக்கற்களுக்கிடையே முட்டையிடும். வழியில் அணை நின்றால் பயணம் அங்கேயே முடிந்தது. மணல் அள்ளுவதும் வெடிவைத்து மீன்பிடிப்பதும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கின்றன.

நல்லெண்ணத்தாலும் கெடுதல் நேர்ந்தது. லோனாவாலாவில் செயற்கையாகப் பொரிக்கவைத்த நீலத்துடுப்பு மஹசீர்க் குஞ்சுகளைக் காவிரியில் கொண்டுவந்து விட்டார்கள். மஹசீரைப் பெருக்குகிறோம் என்பதுதான் எண்ணம். பின்னாளில் தூண்டில் முகாம்களின் பதிவேடுகளைப் பார்த்தபோது, வந்த இனம் பெருகியிருந்தது; சொந்த இனம் அரிதாகியிருந்தது.

1873-இலேயே ஆங்கிலத் தூண்டில் நூல்களில் இடம்பிடித்த இந்த மீன் எந்த இனம் என்பது 2018 வரை முடிவாகவில்லை. கேரளத்தின் பாம்பாற்றில் பிடித்த மீன்களைக் கொண்டு ஏற்கெனவே விவரிக்கப்பட்ட ‘டோர் ரெமாதேவியை’தான் இது என்று அந்த ஆண்டு உறுதியானது. பாம்பாறும் அமராவதி வழியே காவிரியில் சேர்வதுதான். இனம் தெளிவானதும், அதே ஆண்டில், மிக அருகிவிட்ட உயிரினமாகச் சிவப்புப் பட்டியலில் ஏறியது.

நீலகிரியை ஒட்டி ஓடும் மோயாறு இன்று இதன் முக்கியப் புகலிடம். குஞ்சு விடுவதென்றால் அதே இனத்தின் குஞ்சாக இருக்க வேண்டும். விடும் ஆற்றில் ஓட்டமும் இருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாமல் விடுகிற குஞ்சு, கணக்கேட்டில் மட்டும்தான் பெருகும்.