லோடு எத்தனை அடி? பாலம் எத்தனை மீட்டர்?

விழுப்புரம், திருச்சி, கடலூர், சேலம் என நான்கு பக்கமும் தண்டவாளம் பிரியும் ஊர் விருத்தாசலம். இங்கே லோடு ஏற்றிய வண்டி எங்கேயும் ரயில் பாதையைத் தாண்டாமல் வெளியூர் போய்ச் சேருவது அரிது. இங்கிருந்து போகும் பீங்கான் பொம்மை எடை குறைவு, இடம்தான் அதிகம் பிடிக்கும். உடையாமல் இருக்க வைக்கோலும் அட்டையும் வைத்துப் பொதிந்தால், டன் கணக்கு நிறைவதற்குள் அடிக்கணக்கு நிறைந்துவிடும். சுற்றுவட்டாரத்து வைக்கோல் லாரிகளுக்கும் இதே கதை.

ரயில்வே கேட்டின் இரு பக்கமும் நிற்கிற இரும்பு வளைவை எல்லோரும் பார்த்திருப்போம். ஹைட் கேஜ் என்பார்கள். மேலே ஓடும் 25,000 வோல்ட் கம்பிக்காக வைத்தது அது. கேட் இருக்கும் இடத்தில் கம்பி ஐந்தரை மீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது. வளைவின் உயரம் 4.67 மீட்டர். நடுவில் விட்டிருக்கும் இடைவெளி வீணல்ல. இந்த அளவு மின்சாரம் தொட்டால்தான் பாயும் என்பதில்லை, நெருங்கினாலே தாவும். வளைவில் உரசாமல் நுழைந்துவிட்டது என்பதற்காக லோடு மேல் ஆளை உட்காரவைத்துக் கேட்டைக் கடப்பது தற்கொலைக்குச் சமம்.

இப்போது கேட்டுகளை மூடிவிட்டுச் சுரங்கப்பாதை கட்டுகிறார்கள். காத்திருப்பு இல்லை, விபத்தும் குறைவு, நல்லதுதான். ஆனால் உயரக் கணக்கு அங்கே தலைகீழாகிறது. கிராமச் சாலைகளில் வரும் இந்தக் குறைந்த உயரச் சுரங்கப்பாதைகள் பலவற்றில் நான்கு மீட்டர்கூடக் கிடையாது. போன வருஷம் கேட் வழியாகப் போன அதே லோடு இந்த வருஷம் சுரங்கப்பாதையில் சிக்கும். டிரைவருக்குப் பழகிய வழி என்பதே இங்கு ஆபத்து. கைபேசி வரைபடமும் காருக்கான வழியைத்தான் காட்டும். உங்கள் வண்டி எவ்வளவு உயரம் என்று அது கேட்பதில்லை.

சட்டம் காப்பாற்றுமா? சரக்கு வண்டிக்கு 3.8 மீட்டராக இருந்த உயர வரம்பு 2020-ம் ஆண்டுத் திருத்தத்தில் 4 மீட்டரானது. அதைத் தாண்டி லோடு ஏற்றினால் 20,000 ரூபாய் அபராதம், இறக்குகூலி தனி. ஆனால் சட்டப்படி சரியான 4 மீட்டர் லாரி 3.60 என்று எழுதிய சுரங்கப்பாதையில் நுழையாது. போலீஸ் விட்டாலும் கான்கிரீட் விடாது.

அளப்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஆர்.சி. புத்தகத்தையோ பாடி கட்டிய பட்டறைக்காரர் சொன்னதையோ நம்பிப் பயனில்லை. லோடு ஏற்றி, தார்ப்பாய் போட்டு, கயிறு இறுக்கி முடித்த பிறகுதான் அளவு. வண்டி சமதரையில் நிற்க வேண்டும், டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும். உச்சி எது என்று கீழே நின்று தீர்மானிக்காதீர்கள். கயிற்று முடிச்சாக இருக்கும், தார்ப்பாயின் புடைப்பாக இருக்கும், கேபின் மேல் கட்டிய ஸ்டெப்னியாகவும் இருக்கும். ஒரு நேரான ரீப்பரை உச்சியில் வைத்து, பக்கவாட்டில் வெளியே நீட்டி, ரசமட்டம் பார்த்து, அதன் அடிவிளிம்பிலிருந்து தரைக்கு டேப்பை விட வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் மட்டக்குழாய் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு முனை லோடின் உச்சியில், மறுமுனை பக்கத்துச் சுவரில். தண்ணீர் காட்டும் இடத்தில் கோடு போட்டுச் சுவரை அளந்தால் போதும்.

டேப்பில் அடி, பாலத்தின் உயரப் பலகையில் மீட்டர். மனக்கணக்கு போடுபவர்கள் ஒரு மீட்டருக்கு மூன்றேகால் அடி என்று வைத்துக்கொள்ளலாம். சரியான கணக்கு 3.28 அடி என்பதால், பாலத்தைச் சற்றுக் குறைத்தே மதிப்பிடுவோம். அந்தத் தவறு நமக்குச் சாதகம். 3.60 மீட்டர் என்பது 11 அடி 9 அங்குலம், 4.67 என்பது 15 அடி 3 அங்குலம்.

கன்டெய்னர் போல மேல்மட்டம் மாறாத வண்டி காலியாகத் திரும்பும்போது லோடோடு போனதைவிட உயரம். சுமை இறங்கியதும் ஸ்பிரிங் பட்டை நிமிர்ந்துகொள்கிறது. போகும்போது நூலிழையில் தப்பிய பாலத்தில் வரும்போது மாட்டுவது இதனால்தான். ஆகவே இரண்டு அளவு வேண்டும்.

சுரங்கப்பாதைச் சாலை பள்ளமாக இறங்கி ஏறுவதும் ஒரு பொறி. நீள டிரெய்லரின் முன்சக்கரம் ஏற்றத்திலும் பின்சக்கரம் இறக்கத்திலும் நிற்கையில், வண்டியின் நடுப்பகுதி பள்ளத்தின் அடியிலிருந்து தூக்கி நிற்கும். அச்சுகளுக்கிடையே 12 மீட்டர், பள்ளத்தின் வளைவு ஆரம் 200 மீட்டர் என்றால் சுமார் 9 சென்டிமீட்டர் போய்விடும். தார் போட்ட பாதையில் ஒவ்வொரு புது அடுக்கும் மேலும் சில சென்டிமீட்டரைத் தின்னும். பலகையில் பழைய எண்ணே இருக்கும். பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச்சாலை போட வேண்டும் என்று தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு 2021-ல் அறிவுறுத்தினார். வீடுகள் பள்ளமாவதைத் தடுக்கச் சொன்னது அது, பாலங்களுக்கும் பொருந்தும். இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால் பலகையில் உள்ளதிலிருந்து அரையடி கழித்துக்கொள்வது பயந்தாங்கொள்ளித்தனம் ஆகாது.

சினிமாக்காரர்களின் கேரவனுக்கும் இதே கணக்குதான், கூரையிலிருக்கும் ஏ.சி. பெட்டியைச் சேர்த்து அளக்க வேண்டும். வீட்டையே இழுத்துக்கொண்டு ஊர் சுற்றும் அமெரிக்கர்களின் டிரெய்லர்கள் பதின்மூன்றரை அடி வரை போகின்றன. அங்கே டர்ஹாம் நகரில் 11 அடி 8 அங்குல ரயில் பாலம் ஒன்று வண்டிக் கூரைகளை உரித்தே உலகப் புகழ் பெற்றது. அடியில் கழிவுநீர்க் குழாய் போவதால் சாலையைத் தாழ்த்த முடியவில்லை. 2019-ல் பாலத்தை 8 அங்குலம் உயர்த்தினார்கள். அதற்குப் பிறகும் வண்டிகள் வந்து மோதின!

மோதிவிட்டால் சட்டென்று பின்னால் எடுத்துவிட்டுக் கிளம்பக் கூடாது. மேலே இரும்பு கர்டரோ தண்டவாளமோ இம்மி நகர்ந்திருந்தாலும் அடுத்த ரயிலுக்கு ஆபத்து. முதலில் 139-க்கு அழைத்துச் சொல்ல வேண்டும். பாலத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் படித்துச் சொன்னால் இடத்தைக் கண்டுபிடிப்பது எளிது. டயரில் காற்றை இறக்கி வண்டியை உருவுவதெல்லாம் ரயில்வே ஆட்கள் வந்து பார்த்த பிறகு.